வேலையை விட்டுவிட்டு முழு நேரப் போக்கர்: 85,000 ஹேண்ட் போதுமா?

ராத்திரி_ராஜா:
வயது 29. ஏழு வருடமாக ஒரே அலுவலகம், ஒரே எக்செல். கடன் இல்லை, கல்யாணம் ஆகவில்லை. பதினான்கு மாதமாக இரவில் ஆன்லைனில் ஆறு பேர் மேசையில் நோ-லிமிட் ஹோல்டம் கேஷ் கேம் ஆடுகிறேன். இதுவரை 85,000 ஹேண்ட் (சீட்டுப் போட்டு ஆடிய சுற்று). ரேக் (தளம் பிடிக்கும் கமிஷன்) போக, நூறு ஹேண்டுக்கு 5 பிக் பிளைண்ட் (மேசையின் கட்டாயப் பந்தயம், லாப நஷ்டத்தை இதில்தான் அளப்போம்) லாபம். மாதம் ஏறக்குறைய 300 பிளைண்ட், என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் தூக்கத்தைத் தின்றுவிட்டு ஆடியது. முழு நேரம் ஆடினால் மாதம் 25,000 ஹேண்ட் போகும், 1,250 பிளைண்ட் வரும், சம்பளத்தைத் தாண்டிவிடும். பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்கான முதல், 20 பை-இன் (ஒரு மேசையில் உட்காரக் கட்டும் தொகை, 100 பிளைண்ட்) தனியாக வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ராஜினாமா கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சூதாடிக் கெட்டுப்போகாதே என்பதை வீட்டில் தினமும் கேட்கிறேன், ஆட்டம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

ஆறாம்_இருக்கை:
ஆறு வருடமாக இதுதான் என் தொழில். விடுங்கள் வேலையை. 29 வயதில், கடன் இல்லாமல், ஜெயிக்கிற கணக்கோடு இறங்க முடிகிறவர்கள் குறைவு. நீங்கள் களைத்துப்போய் ஆடியே 5 எடுக்கிறீர்கள். நன்றாகத் தூங்கி, பகலில் சால்வரோடு (சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்) உட்கார்ந்து படித்தால் அது ஏறும். இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தால் 35 ஆகிவிடும், அப்போது பொறுப்புகள் விடாது.

கணக்குப்பிள்ளை:
ராஜா, அந்த 5 என்ற எண்ணை யாரும் தொட்டுப் பார்க்கவில்லையே. ஆறு பேர் மேசையில் நூறு ஹேண்டுக்கு ஏற்ற இறக்கம் சுமார் 90 பிளைண்ட். 85,000 ஹேண்ட் என்றால் 850 நூறுகள். 850-இன் வர்க்கமூலம் 29, 90-ஐ அதால் வகுத்தால் 3 சொச்சம். 5-க்கு இரு பக்கமும் அதில் இரண்டு மடங்கு விட வேண்டும். அதாவது உங்கள் உண்மையான விகிதம் மைனஸ் 1-லிருந்து பிளஸ் 11 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 2017-இல் லிப்ரேட்டஸ் என்ற மென்பொருளை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டபோது, ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்துக்கே 1,20,000 ஹேண்ட் வைத்தார்கள். அங்கே வித்தியாசம் நூறு ஹேண்டுக்கு 14 பிளைண்டுக்கும் மேல். உங்களுடையது அதில் பாதிகூட இல்லை.

அடுத்தது, சாப்பாட்டுச் செலவு. உங்கள் செலவு சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைப்போம், மாதம் 600 பிளைண்ட். 25,000 ஹேண்ட் ஆடி 600 எடுத்தால், நூறு ஹேண்டுக்கு 2.4 பிளைண்ட் உங்கள் வயிற்றுக்குப் போகிறது. மிச்சம் 2.6. எல்லாரும் பயன்படுத்தும் திவால் சூத்திரத்தில் இதைப் போட்டால்: காசையே எடுக்காமல் 5-இல் ஆடினால் 20 பை-இன் காலியாகும் வாய்ப்பு நூற்றுக்கு 8 அல்லது 9. செலவுக்கு எடுத்து ஆடினால் நூற்றுக்கு 28. ஆட்டத்தில் நீங்கள் எதையும் மாற்றவில்லை, வேலையை விட்டீர்கள், அவ்வளவுதான். உண்மை விகிதம் 2.4-க்குக் கீழே இருந்துவிட்டால் என்றாவது ஒருநாள் காலி, அதில் சந்தேகமே இல்லை. அப்படி இருக்க வாய்ப்பு, உங்கள் எண்களை வைத்தே, சுமார் ஐந்தில் ஒன்று.

ஆறாம்_இருக்கை:
கணக்குப்பிள்ளை சூத்திரத்தில் ஒரு ஓட்டை. பை-இன் 20-லிருந்து பூஜ்யம் வரை ஒரே ஸ்டேக்கில் (பந்தய அளவில்) பிடிவாதமாக ஆடுகிறவனுக்கு அது. தொழிலாக ஆடுகிற எவனும் 12 ஆனதும் ஒரு படி இறங்கிவிடுவான். நானே மூன்று முறை இறங்கியிருக்கிறேன், மூன்று முறையும் ஏறியும் விட்டேன்.

கணக்குப்பிள்ளை:
இறங்கலாம். வீட்டு வாடகை இறங்குமா? பாதி ஸ்டேக்குக்குப் போனால் அதே செலவு மாதம் 1,200 பிளைண்ட் ஆகிறது. வருவதே 1,250.

ஆறாம்_இருக்கை:
கீழே எதிராளிகள் பலவீனம், அங்கே 5 இல்லை, 7 வரும். தவிர ஆறு மாதச் செலவைத் தனியாக ஒதுக்காமல் யாரும் இறங்கக் கூடாது, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தப்புதான்.

சீட்டுக்கட்டு77:
2003-இல் கிறிஸ் மணிமேக்கர் ஒரு கணக்காளர். 86 டாலர் ஆன்லைன் தகுதிச் சுற்றில் நுழைந்து உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பாரா?

காலி_நாற்காலி:
அவர் வேலையில் இருந்துகொண்டேதான் ஜெயித்தார் தம்பி. அதே போட்டியில் அந்த வருடம் 839 பேர், மற்ற 838 பேரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. டோர்னமென்ட் பட்டியல்களில் வரும் வருமானமும் அப்படித்தான், பரிசுத் தொகை மட்டும் இருக்கும், கட்டித் தோற்ற பை-இன் கழியாது.

என் கதையைச் சொல்கிறேன். நான்கு வருடம் முழு நேரம் ஆடினேன், நஷ்டத்தில் வெளியே வரவில்லை. முதல் வருடம் சொர்க்கம். பிறகு ஒரு மாதக் கடைசி, வாடகை நாள். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) எதிராளி ஆல்-இன், கையிலிருந்த எல்லாவற்றையும் வைத்துவிட்டார். என்னிடம் இரண்டு ஜோடி. கால் பண்ண, அதாவது அதே தொகையை வைத்து எதிர்கொள்ள, வேண்டிய இடம் என்று தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். சீட்டை மடித்து விட்டுக்கொடுத்தேன். அவர் பிளஃபை (வெறும் மிரட்டலை) திருப்பிக் காட்டினார். அன்றைக்குத்தான் புரிந்தது, சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில் நான் நன்றாக ஆடினேன், ஏனென்றால் அந்தக் காசு எனக்குத் தேவைப்படவில்லை. கணக்குப்பிள்ளை 5 மைனஸ் 2.4 என்கிறார். அந்த 5-உம் அப்படியே இருக்காது என்கிறேன் நான்.

ராஜா யோசிக்காத இன்னொன்று. நீங்கள் ஆடுவது இரவில். வேலை முடித்துப் பொழுதுபோக்க வருகிறவர்கள் மேசைக்கு வரும் நேரம் அது. முழு நேரம் ஆனதும் கூடுதலாகக் கிடைக்கும் மணிகள் எல்லாம் பகல். பகல் பதினோரு மணிக்கு மேசையில் யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆறாம்_இருக்கை மாதிரி ஐந்து பேர். அவர்களை வைத்து 5 எடுத்துக் காட்டுங்கள்.

ஆறாம்_இருக்கை:
பாராட்டா திட்டா தெரியவில்லை, நன்றி :) ஆனால் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமைதான் முழு நேரத்தின் பலமே. சனி, ஞாயிறு இரவு நல்ல மேசை கிடைத்தால் பத்து மணி நேரம் ஆடுவேன், செவ்வாய்க்கிழமை பகலில் உறங்குவேன். மறுநாள் அலுவலகம் போகிறவனால் இது முடியாது.

பொழுதுபோக்கன்:
வங்கியில் வீட்டுக் கடன் கேட்டுப் பாருங்கள், தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்று.

காலி_நாற்காலி:
அதைவிட, வேலைக்குத் திரும்பும்போது அந்த நான்கு வருடத்தை என்னவென்று சொல்வது? "சொந்தத் தொழில்" என்று சொன்னேன். என்ன தொழில் என்று கேட்டார்கள். அப்புறம் காசு எங்கே கிடக்கிறது என்பதும் உண்டு. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித் துறை மூன்று பெரிய தளங்களை ஒரே நாளில் முடக்கியது. அதில் ஒரு தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அது திரும்பி வரத் தொடங்கியதே 2014-இல்தான். நன்றாக ஆடியவன், மோசமாக ஆடியவன் என்று அங்கே பேதமில்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் படியுங்கள், சால்வரைப் பிறகு பார்க்கலாம்.

ராத்திரி_ராஜா:
எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ராஜினாமாவை நிறுத்தி வைத்து, சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம் கேட்டிருக்கிறேன். நாற்காலி அண்ணா சொன்னதற்காகப் பழைய ஹேண்டுகளை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். விடுமுறை நாள் பகலில் 11,000 ஹேண்ட் ஆடியிருக்கிறேன். நூறுக்கு மைனஸ் 2. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

ஆறாம்_இருக்கை:
85,000 போதாது என்று இத்தனை பேர் சொன்ன இடத்தில், 11,000-ஐ வைத்துப் பயப்படுகிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
அவர் சொல்வது சரி. 11,000-க்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் 17 பிளைண்ட் போகும், அதிலிருந்து எதுவும் தெரியாது. விடுப்பு கிடைத்தால் பகலும் இரவும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், மாதா மாதம் 600-ஐ நிஜமாகவே பேங்க்ரோலிலிருந்து எடுங்கள். சேமிப்பிலிருந்து எடுத்துவிட்டு 5 வருகிறது என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.