அயலவரின் மரக்காணிகளுக்கு உதவத் தொண்டர்களைப் பயிற்றுவது எப்படி?

நெடுங்கேணிக்காரன் கேட்டது:
வணக்கம். மீள்குடியேறியபின் மேட்டுக்காணியில் தேக்கு வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பாலை, முதிரை மரங்கள் தாமாகவே எழுந்து காடாகிவிட்ட காணிகளும் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், காணியைப் பார்ப்பவர் வயதான தாயாகவோ மாமாவாகவோ இருப்பார், கடைசியில் மரவியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிடுவார்கள். கமக்காரர் அமைப்பிலிருந்து ஆறு பேரைத் தொண்டர்களாகப் பயிற்ற எண்ணுகிறோம். எதில் தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற வன உத்தியோகத்தர்:
கடதாசியில் தொடங்குங்கள். உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா, எல்லை அரச காட்டைத் தொடுகிறதா என்பவற்றைப் பார்க்கத் தெரியாதவர் மரத்தைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது. சொந்தக் காணி மரமாயினும் முதிரை போன்றவற்றை ஏற்றிச்செல்ல அனுமதி வேண்டும். பலாவையும் பெண்பனையையும் தறிப்பதை இலங்கையின் 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்க மரம் தறித்தல் (கட்டுப்பாட்டு)ச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகாத பற்றைக்குள் எவரும் கால்வைக்கக் கூடாது என்பதையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

மகள்வீட்டுப் பயணி:
மகள் வசிக்கும் நியூயோர்க் மாநிலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகம் 1991 முதல் காட்டு உரிமையாளர்களையே இப்பணிக்குப் பயிற்றுவித்து வருகிறது. அயலவர் அழைத்தால் அவர்கள் கட்டணமின்றிச் சென்று, அவரோடு காட்டை நடந்து பார்த்து, அந்தக் காட்டிலிருந்து அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்டறிகிறார்கள். மரத்துக்கு விலை மதிப்பதில்லை, அதற்குரிய வனவியலாளரைக் காட்டிவிடுவதோடு சரி. எங்களிடத்தில் இதுதான் கடினம். "தம்பி, இது எத்தனை லட்சம் போகும்?" என்றுதான் முதற் கேள்வியே வரும், அதற்குப் பதில் சொன்ன தொண்டரை மறுநாள் ஊர் தரகராகவே பார்க்கும். பதில் சொல்லாமல் இருக்கப் பழக்குவதற்கென்றே அரை நாள் ஒதுக்குங்கள்.

தேக்கந்தோட்டம்:
வகுப்பறையைக் குறைத்து, ஏற்கெனவே ஐதாக்கிய, அதாவது நெருக்கமான மரங்களில் சிலவற்றைத் தறித்து மற்றவற்றுக்கு இடம்விட்ட, தேக்கந்தோட்டம் ஒன்றுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கிளைகள் ஒன்றோடொன்று முட்டி, கீழ்நின்ற மரம் மெலிந்துபோனதைக் கண்ணால் கண்டவருக்கு ஏன் தறிக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. தறித்த அடிக்கட்டை தளிர்க்கும். நல்ல தளிர் ஒன்றை விட்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும் என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன், அதனால் என் காணியில் ஒரு மூலை இன்றும் பற்றைதான். வறண்ட சோளகக் காற்றுக் காலத்தில் உதிர்ந்த சருகில் தீ எப்படி ஓடும் என்பதையும் அங்கேயே காட்டலாம்.

நெடுங்கேணிக்காரன்:
நன்றி. அப்படியானால் முதல் நாள் பிரதேச செயலகத்திலிருந்து ஒருவரை அழைத்துக் கடதாசிகளைப் பார்ப்போம், இரண்டாம் நாள் தோட்டத்துக்குப் போவோம். தேக்கந்தோட்டம் ஐயா, அந்தப் பற்றை மூலையையும் காட்டச் சம்மதிப்பீர்களா?