புதுப்பிப்பு: பழைய டாய்லெட்டை மாற்றியாச்சு

ஒரு தடவை அழுத்தினால் 13 லிட்டர் கொட்டும் பழைய டாய்லெட்டை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது இரட்டை பட்டன் மாடல். பெரியது 6 லிட்டர், சின்னது 3.

கைகொடுத்தது, வாங்கும் முன் சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடுப்புள்ளி வரை அளக்கச் சொன்ன யோசனைதான். சுவர் டைல்ஸின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்ததால் கச்சிதமாக உட்கார்ந்தது.

எதிர்பாராத ஒன்று: பழையதைத் தூக்கிப் பார்த்தால், குழாயின் வாய் தரைமட்டத்துக்குக் கீழே கிடந்தது. பின்னாளில் தரைமேல் டைல்ஸ் ஒட்டியதன் விளைவு. டாய்லெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே கசியாமல் அடைக்கும் மெழுகு வளையம், சாதாரண தடிமனில், அங்கே எட்டாது. தடித்த வளையம் வைத்துத்தான் உட்கார வைத்தோம். அடியில் சொட்டு ஈரம்கூட இல்லை. போல்ட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், இல்லாவிட்டால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும்.

அப்புறம், கோப்பையில் தேங்கி நிற்கும் தண்ணீர் முன்பைவிடக் குறைவு, அதனால் பிரஷ் அடிக்கடி தேவைப்படுகிறது. அடைப்பு இதுவரை இல்லை.