பாதி நிழல் விழும் கொல்லைப்புறத்துக்கு எந்தப் புல் நிற்கும்? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முதல் பதிவு

வீட்டுக்குப் பின்னால் சின்ன இடம், ஒரு பெரிய அறை அளவுதான். ஒரு பக்கம் உயரமான மதில், எதிர் மூலையில் அடர்த்தியான மரம். காலையில் நடுப்பகுதியில் நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேல் மதிலின் நிழல் மெல்ல உள்ளே வந்துவிடும். மரத்தடியில் எந்நேரமும் புள்ளி புள்ளியாகத்தான் வெளிச்சம். பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருவோம். அவ்வளவுதான் தேவை, கோல்ஃப் மைதானம் வேண்டாம்.

விசாரித்தால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பெர்முடா, கொரியன், மணிலா, பஃபலோ, செயின்ட் அகஸ்டின், கார்ப்பெட் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாமே "நிழலுக்கும் வரும்" என்றே சொல்லப்படுகிறது. வைத்து, வெட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்கள் என்ன ஆயிற்று என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி

பெர்முடாவைப் பற்றி நான் சொல்கிறேன். அதாவது நம் அருகம்புல் இனம்தான். எங்கள் வீட்டில் புல் பதிக்க வந்தவர் இடத்தைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, "இது எங்கே போட்டாலும் வரும் சார்" என்று மொத்த இடத்துக்கும் ஒரே புல்லை விரித்துவிட்டுப் போய்விட்டார். வெயில் அடிக்கிற பக்கம் அசுர வளர்ச்சி. பூச்செடிப் பாத்திக்குள் புகுந்தது, கல் இடுக்கில் முளைத்தது, பிடுங்கிப் பிடுங்கிக் கை வலித்தது. நிழல் பக்கம் வேறு கதை. முதலில் பச்சையாகத்தான் இருந்தது. அப்புறம் தண்டு மட்டும் நீண்டு நீண்டு வெளுத்தது. இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி கூடியது. தூர் கட்டவே இல்லை. மிதித்த இடம் மிதித்தபடியே கிடந்தது, எழுந்திருக்கவில்லை. கடைசியில் பாசியும் கோரையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டால், "உரம் போதவில்லை, யூரியா போடுங்கள்" என்றார். போட்டோம். இன்னும் சீக்கிரம் போனது, அவ்வளவுதான்.

பெர்முடாவுக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் டிஃப்கிராண்ட் போன்ற ரகங்களும் உண்டு. ஆனால் "கொஞ்சம்" என்பதை அழுத்திப் படியுங்கள்.

மறுமொழி

மேலே சொன்னவருக்கு நடந்ததன் காரணம் சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நிழல் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். மதில் நிழலும் மர நிழலும் புல்லுக்கு ஒன்றல்ல.

மதில் நிழலில் நேர் வெயில்தான் தடைபடுகிறது. வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும். அளவு குறைவு, ஆனால் தன்மை பெரிதாகக் கெடுவதில்லை. மரத்தடியில் அப்படி இல்லை. மேலே இருக்கும் இலைகள் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் முதலில் எடுத்துக்கொள்கின்றன. கீழே வருவது பெரும்பாலும் பச்சையும், சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தூரச்சிவப்பும். அந்தத் தூரச்சிவப்பு மிகுந்தால் "மேலே ஒருவன் வெளிச்சத்தை மறைக்கிறான்" என்று புல் உணர்ந்து, வேருக்கும் தூருக்கும் போகவேண்டிய சத்தைத் தண்டு நீட்டுவதில் செலவழிக்கும். அதனால்தான் வெளுத்து, நீண்டு, மெலிந்து போகிறது. அந்த நிலையில் யூரியா போட்டால் தழைச்சத்து அந்த நீட்டத்தையே மேலும் தூண்டும். கையிருப்பில் இருக்கிற மாவுச்சத்தும் கரைந்துபோகும்.

மரத்தடியில் இன்னொரு போட்டி மண்ணுக்குள். மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே இருக்கின்றன, புல் வேர் இருக்கும் அதே ஆழத்தில். தண்ணீரும் சத்தும் யாருக்கு முதலில் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே புல்லின் பெயரைப் பிறகு பாருங்கள். ஒரு வெயில் நாளில் மணிக்கு ஒருமுறை கொல்லைக்குப் போய், நிழலின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். நான் சுண்ணாம்புப் பொடியால் தரையிலேயே கோடு போட்டேன். பக்கத்து வீட்டார் விசித்திரமாகப் பார்த்தார்கள். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் வேறொரு பருவத்திலும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. உயரமான மதில் இருந்தால் இந்த வித்தியாசம் நிறையவே தெரியும்.

கேட்டவர்

கோடு போடும் யோசனை நன்றாக இருக்கிறது, செய்து பார்க்கிறேன். பஃபலோ புல், செயின்ட் அகஸ்டின் இரண்டும் ஒன்றா வேறா? ஒருவர் ஒன்று என்கிறார், இன்னொருவர் அடித்துச் சொல்கிறார் வேறு என்று.

மறுமொழி

இரண்டு பேரும் சொல்வது சரிதான், அதுதான் சிக்கல். சில நாடுகளில் செயின்ட் அகஸ்டினையே பஃபலோ என்கிறார்கள், அது நிழல் தாங்கும். வட அமெரிக்கச் சமவெளியில் பஃபலோ என்று சொல்வது வேறு இனம், அதற்கு முழு வெயில் வேண்டும். சில நர்சரிகளில் அகல இலைக் கார்ப்பெட் புல்லுக்கும் இதே பெயர். வாங்கும்போது தாவரவியல் பெயரைக் கேளுங்கள். செயின்ட் அகஸ்டின் என்றால் ஸ்டெனோடாஃப்ரம் செகண்டேட்டம். கார்ப்பெட் புல் ஆக்சோனோபஸ் கம்ப்ரெஸ்ஸஸ். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் ஒரு பத்தையைக் கையில் வாங்கிப் பாருங்கள். செயின்ட் அகஸ்டினில் ஓடுதண்டு விரல் போலத் தடிமனாக இல்லாவிட்டாலும் நன்றாகவே தெரியும், இலை நுனி கூர்மையாக இல்லாமல் படகு முனை மாதிரி மழுங்கி இருக்கும்.

எங்கள் வீட்டில் செயின்ட் அகஸ்டின்தான். வெப்பப் பகுதிப் புற்களில் நிழலுக்கு இதுவே முதல் வரிசையில் நிற்கும். நாளுக்கு 4 மணி நேரம் வெயில் கிடைத்தால் சமாளித்துக்கொள்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டிய பட்டையில் அடர்த்தியாகவே இருக்கிறது. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இலை முரடு, வெறுங்காலுக்கு மெத்தென்று இருக்காது. விதை போட்டு வளர்க்கிற புல் இல்லை. பாயாகவோ ஓடுதண்டாகவோதான் வைக்க வேண்டும். நல்ல வெயில் படுகிற பகுதியில் சின்ச் பூச்சி வந்து வட்ட வட்டமாகக் காயவைத்தது. கடும் பனிக்கும் இது ஆகாது. ஒரே இடத்தில் தினமும் பந்து விளையாடினால் அந்த இடம் வழுக்கை விழும்.

வெட்டும் உயரம்தான் இதன் உயிர். 7.5 முதல் 10 சென்டிமீட்டர் வரை விட்டுவிடுங்கள். நிழலில் இலைப்பரப்பு இருந்தால்தான் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க முடியும். அழகாக இருக்கட்டும் என்று ஒட்ட வெட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். எப்போது வெட்டினாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

மறுமொழி

பிள்ளைகள் விளையாட என்றால் செயின்ட் அகஸ்டினை நான் சொல்ல மாட்டேன். மணிலாவைப் பாருங்கள். ஜோய்சியா மாட்ரெல்லா. இலை மெல்லியது, அடர்த்தியாகக் கட்டும், மிதி தாங்கும். நிழலில் செயின்ட் அகஸ்டின் அளவுக்கு இல்லை, ஆனால் பெர்முடாவை விட எவ்வளவோ மேல். எங்கள் வீட்டில் காலை வெயில் மட்டும் வரும் பகுதியில் நன்றாகவே நிற்கிறது. காலை வெயிலுக்கு ஒரு கூடுதல் நன்மை: இலைமேல் இருக்கும் பனி ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும், பூஞ்சைக்கு வாய்ப்புக் குறையும்.

பொறுமை வேண்டும். ஜோய்சியா மெதுவாகத்தான் பரவும். இடைவெளி விட்டுப் பத்தை வைத்தால் மூடுவதற்குள் களைகள் வந்து குடியேறிவிடும், அதனால் சின்ன இடத்துக்கு முழுப் பாயாக விரிப்பதே மேல்.

கொரியன் என்று விற்கிற மெல்லிய புல்லும் ஜோய்சியா இனம்தான், ஆனால் அதன் குணம் வேறு. வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைத்து வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். நடக்க, நாற்காலி போட எனக்குப் பிடிக்கவில்லை.

மறுமொழி

நான் இருப்பது குளிர் ஊர், இங்கே மேலே சொன்ன எதுவும் பனிக்காலம் தாண்டாது. உங்களில் யாராவது குளிர் ஊரில் இருந்தால் இதைப் படியுங்கள், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

இங்கே நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்க்யூ. அதில் கிரீப்பிங் ரெட், ச்யூயிங்ஸ், ஹார்ட் என்று உள்வகைகள் இருக்கின்றன. ஊசி போல மெல்லிய இலை, தழைச்சத்து அதிகம் கேட்காது, காய்ந்த நிழலைத் தாங்கும். ஈரம் தேங்கினால் அழுகும், மிதி அதிகமானால் தாங்காது. பிள்ளைகள் ஓடும் பகுதிக்கு டால் ஃபெஸ்க்யூவைக் கலந்தேன். அது அரை நிழலில் நிற்கும், வேர் ஆழம். ஆனால் ஓடிப் பரவாது, கொத்துக் கொத்தாக வளரும், எனவே வழுக்கை விழுந்தால் தானாக மூடாது. திரும்ப விதை தூவ வேண்டியதுதான். கென்டக்கி புளூகிராஸ் பார்க்க அழகு. ஆனால் என் நிழல் மூலையில் சாம்பல் நோய் வந்து மாவு பூசியது போல ஆகிவிட்டது.

விதை தூவக் கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் நேரம்தான் சரி. மண் இன்னும் சூடாக இருக்கும், களை குறைவு. இலை உதிர்க்கும் மரம் என்றால் வசந்தத்தில் புதிய இலை வருவதற்குள் புல்லுக்குக் கொஞ்ச நாள் முழு வெளிச்சம் கிடைக்கிறது, அது பெரிய உதவி. அதே மரம் உதிர்க்கும் சருகைக் கூட்டாமல் விட்டால் அடியில் இருக்கும் இளம் புல் மூச்சடைத்துப் போகும்.

கேட்டவர்

கோடு போட்டுப் பார்த்துவிட்டேன். நடுப்பகுதியில் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதில் ஓரத்தில் 4 மணி நேரத்தை ஒட்டி வருகிறது, அதுவும் காலையில். மரத்தடியில் நேர் வெயில் என்று சேர்த்தால் ஒரு மணி நேரம்கூட இல்லை. இங்கே பனி கிடையாது. மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், அந்தப் பேச்சுக்கே வீட்டில் இடமில்லை.

மறுமொழி

வெட்ட வேண்டாம், கவாத்துப் போதும். தாழ்ந்த கிளைகளை எடுத்துவிட்டால் சாய்ந்து வரும் காலை, மாலை வெயில் உள்ளே நுழையும். நடுவில் நெருக்கமாக இருப்பதைக் கொஞ்சம் கலைத்துவிட்டால் காற்றும் ஓடும். ஒரேயடியாக மொட்டையடிக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் மரம் பதறிக்கொண்டு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்விடும்.

கவாத்து செய்தாலும் மரத்தடியில் புல் வராது என்பதே என் முடிவு. கார்ப்பெட் புல்லை அங்கே முயன்றவர்கள் இருக்கிறார்கள். அகல இலை, ஈரமான, புளிப்பு மண்ணிலும் வரும், அதிக உரம் கேட்காது. ஆனால் வேர் மேலோட்டமானது. மரம் தண்ணீரை உறிஞ்சிக் காயவைக்கும் இடத்தில் முதலில் சுருளுவது அதுதான். மதில் ஓரத்துக்கு வேண்டுமானால் அது ஒரு நல்ல மாற்று.

எங்கள் மரத்தடியில் மாண்டோ வைத்திருக்கிறேன். பார்க்கப் புல் போல இருக்கும், புல் இனமே இல்லை. வெட்டவே தேவையில்லை. மெதுவாகக் கட்டும், ஓடி விளையாடத் தாங்காது, நடக்க வேண்டிய பாதையில் நாலு தட்டைக் கல் போட்டுவிட்டேன். தண்டை ஒட்டி எதுவும் வைக்காமல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: புல்லோ மாண்டோவோ வைக்க வசதியாக இருக்கட்டும் என்று மரத்தடியில் மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள். மேல்வேருக்குக் காற்று போகாமல் மரமே வாடும். வேர்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குழி எடுத்து நடுங்கள்.

மறுமொழி

வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஒரே குழாய்க் கணக்கில் தண்ணீர் விடாதீர்கள். மதில் ஓரம் சீக்கிரம் காயாது. விரலை மண்ணில் குத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் விடியற்காலையில். இரவில் ஊற்றி இலை விடிய விடிய ஈரமாக நின்றால் பூஞ்சைக்கு விருந்து. தழைச்சத்தும் நிழலில் வெயில் பக்கத்துக்குப் போடுவதில் பாதி போதும்.

கேட்டவர்

சரி, நடுவில் மணிலா, மரத்தடியில் மாண்டோவும் கல்லும். மதில் ஓரம்தான் இன்னும் இழுபறி. மணிலாவையே அங்கேயும் நீட்டினால் பார்க்க ஒரே சீராக இருக்கும் என்கிறார் கணவர். 4 மணி நேரத்துக்கு அது தாக்குப்பிடிக்குமா?

மறுமொழி (செயின்ட் அகஸ்டின் வைத்திருப்பவர்)

எல்லைக்கோட்டில் இருக்கிறது, யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மொத்தமாக வாங்குவதற்கு முன் மதில் ஓரத்தில் ஓரடிக்கு ஓரடி மணிலா ஒரு பத்தை, பக்கத்தில் செயின்ட் அகஸ்டின் ஒரு பத்தை வையுங்கள். ஒரே மாதிரி தண்ணீர். நிழல் கூடுகிற பருவம் ஒன்றைத் தாண்டட்டும். எது தூர் கட்டுகிறது, எது தண்டை நீட்டுகிறது என்பதைப் பாருங்கள். இலை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிழலில் எல்லாமே தொடக்கத்தில் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போது நடுவில் மண்ணில் இறங்கினாற்போல் ஒரு வரிசைச் செங்கல் வையுங்கள், இல்லாவிட்டால் செயின்ட் அகஸ்டினின் ஓடுதண்டு மணிலா மேல் ஏறிப் படர்ந்துவிடும், எது எது என்று அப்புறம் பிரித்துப் பார்க்க முடியாது.