ஜப்பானில் தோல் மருத்துவரைப் பார்ப்பது எப்படி?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஒசாக்காவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் என் மகனுக்கு விரலிடுக்குகளில் தோல் வெடித்து, இரவில் தூங்கவிடாமல் அரிக்கிறது. ஜப்பானிய மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டுமே தெரியும் என்பதால் பக்கத்துக் கிளினிக்கிற்குப் போகக் கூச்சப்பட்டு, நான் கொடுத்தனுப்பிய வேப்பெண்ணெயையே தடவிக்கொண்டிருக்கிறான். அவன் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
அக்கா, நானும் நம் ஊர்க்காரன்தான். நகோயாவில் வேலை செய்தவன். பெயர்ப்பலகையில் 'ஹிஃபுகா' என்றிருந்தால் அது தோல் மருத்துவம். காப்பீடு இருந்தால் பொதுவாகச் செலவில் 30 விழுக்காட்டைத்தான் தம்பி கட்டுவார். நம் மலேசிய அரசாங்கக் கிளினிக்கின் 1 வெள்ளி (ரிங்கிட்) கணக்கை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஒரு கேள்வித்தாளை நீட்டுவார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது அங்கேதான். எனவே அரிப்பு எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒவ்வாது, வேலையில் எந்த எண்ணெயும் சோப்பும் கையில் படுகின்றன என்பவற்றைக் கைப்பேசியில் மொழிபெயர்த்து, முதல் நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரிப்புக்கு 'கயுயி', வலிக்கு 'இத்தாய்'. மற்றதை விரல்களே சொல்லிவிடும்.

பதில் 2:
வேப்பெண்ணெய் தடவியதையும் மறைக்காமல் சொல்லட்டும். பெரும்பாலும் மருந்துச் சீட்டுதான் தருவார்கள். எழுதிய நாளையும் சேர்த்து 4 நாள்களுக்குள் வெளி மருந்தகத்தில் அதைக் கொடுத்து மருந்து வாங்க வேண்டும். நண்பகலில் பல கிளினிக்குகள் நெடுநேரம் மூடியிருக்கும்.

கேட்டவர்:
நன்றி தம்பி. தாளை இன்றிரவே எழுதச் சொல்லிவிட்டேன். 'கயுயி' என்பதை இரண்டு முறை சொல்லிக் காட்டினான்.