ஆலிஸ் கூப்பர்: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கேள்வி: ஆலிஸ் கூப்பர் என்பது ஆளா, குழுவா? கழுத்தில் பாம்போடு நிற்கும் படம் மட்டும்தான் தெரியும். பாட்டும் தேறுமா?

பதில்: தேறும். முதலில் அது ஒரு ராக் இசைக்குழுவின் பெயர், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துப் பையன்கள். பாடகர் வின்சென்ட் ஃபர்னியர் அதையே பிறகு தன் பெயராக்கிக்கொண்டார். 1971இல் வந்த 'லவ் இட் டு டெத்' ஆல்பத்தில் தொடங்குங்கள். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் வந்த பிறகுதான் குழுவுக்கு ஒரு ஒழுங்கே வந்தது. நான் பேஸ் கிட்டார் பைத்தியம். எனக்கு அந்தக் குழுவின் நாயகன் பேஸ் வாசித்த டென்னிஸ் டனவேதான். ஹெட்போனில் கேளுங்கள், புரியும்.

இன்னொருவர்: கோழியின் தலையைக் கடித்தவர்தானே?

பதில்: அது வதந்தி. 1969, டொராண்டோ. மேடைக்கு வந்த கோழியைப் பறக்கும் என்று நினைத்துக் கூட்டத்தின் பக்கம் வீசினார். பிய்த்தெறிந்தது கூட்டம். பழி இவருக்கு, விளம்பரமும் இவருக்கே!

மேடையில் அவர் தலையை வெட்டுவதுபோல் காட்டும் கில்லட்டின் வேறு கதை. 1973 சுற்றுப்பயணத்துக்கு அதை அமைத்துக் கொடுத்தவர் மந்திரக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி. அந்த ஆண்டுதான் 'பில்லியன் டாலர் பேபீஸ்' ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது.

கேள்வி கேட்டவர்: அப்புறம் குழு?

பதில்: பிரிந்துவிட்டது. 1975 முதல் அவர் தனி. குடி, மருத்துவமனை, பிறகு 1989இல் 'பாய்சன்' வெற்றி. அந்தப் பாட்டு எனக்கு ரொம்ப மினுமினுப்பு. 2025இல் பழைய கூட்டாளிகளோடு புது ஆல்பம் போட்டிருக்கிறார். கிட்டார் வாசித்த க்ளென் பக்ஸ்டன் மட்டும் உயிரோடு இல்லை, அவர் 1997இலேயே இறந்துவிட்டார்.