புதுப்பிப்பு: சுரப்பி சிறியது, அடைப்பு மட்டும் பெரியது ஏன்?

ஆசனவாய் வழியே செய்த விரல் பரிசோதனையில் அப்பாவுக்கு புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி) வீக்கம் லேசானதுதான் என்றார்கள், ஆனால் சிறுநீர் முக்கி முக்கித்தான் போகிறது, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஸ்கேனில் விடை கிடைத்தது.

விரலுக்குத் தட்டுப்படுவது சுரப்பியின் பின்பக்கம். இந்த வகை வீக்கம் வளர்வதோ சிறுநீர்க்குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதியில். அப்பாவுக்கு சுரப்பியின் நடுப்பகுதியான நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, முக்கும்போது அதுவே வால்வு மாதிரி சிறுநீர்ப்பையின் வாயை அடைத்துவிடுமாம். சுரப்பியின் மொத்த எடை 35 கிராம்தான்! நான் அந்த எண்ணையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை இப்படிப்பட்ட அமைப்புக்கு அவ்வளவாக உதவாதாம். எனவே சிறுநீர்க்குழாய் வழியே போய் மடலைச் செதுக்கி எடுக்கப்போகிறார்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு விந்து வெளியே வராமல் பின்னோக்கி சிறுநீர்ப்பைக்குள் போகலாம் என்பதையும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.