பொதுவில் இருக்கும் தோட்டத்தை ஒருத்தர் மட்டும் லேஅவுட்டுக்கு எழுதிக் கொடுத்தால்?

கேள்வி:
பல்லடம் பக்கம் தாத்தா பேரில் 4 ஏக்கர் 20 சென்ட். 2011ல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி அதற்கு முன்பே இல்லை. வாரிசு அப்பா, பெரியப்பா, அத்தை. கூட்டுப் பட்டாவில் அத்தை பேர் ஏறவில்லை. போன மாதம் பெரியப்பா, ரோட்டோரம் 2 ஏக்கர் 10 சென்ட்டுக்குச் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) போட்டு லேஅவுட்காரருக்குக் கிரையம் எழுதிவிட்டார். மஞ்சள் கல் நடுகிறார்கள். கிணறும் அந்தப் பக்கம்தான். முதலில் எதைச் செய்வது?

பதில் 1:
பத்திரம் பதிவாகிவிட்டதால் நிலம் போய்விடவில்லைங்க. அத்தையைச் சேர்த்தால் ஆளுக்கு 140 சென்ட். பெரியப்பா எழுதியது 210. மேல்கொண்டு 70 சென்ட்டை விற்க அவருக்கு உரிமையே கிடையாது. மீதி 140ம் பிரிபடாத பாகம்தான். ரோட்டோரம் தன்னுது என்று அவர் மட்டும் வரையறுக்க முடியாது. வாங்கியவர், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44வது பிரிவுப்படி, பெரியப்பா இடத்தில் நின்று பாகம் கேட்கலாம், அவ்வளவே.

வில்லங்கமும் பத்திர நகலும் எடுத்து உடனே பாகப்பிரிவினை வழக்குப் போடுங்க. லேஅவுட்காரரைப் பிரதிவாதியாகச் சேர்த்து, தடை மனுவும் அட்வகேட் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீல்) மனுவும் அன்றே கொடுங்க. வழக்கு நடக்கும்போது மனை வாங்குகிறவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் (அதே சட்டம் 52வது பிரிவு). அதற்கு முன்பே 40 மனை கைமாறினால் 40 பேரையும் சேர்க்கணும். எல்லாருக்கும் சம்மன் போய்ச் சேரவே வருஷம் ஓடிவிடும்.

பதில் 2:
கூடவே தாசில்தாரிடம் உட்பிரிவுக்கு ஆட்சேபணை மனு கொடுத்து ரசீது வாங்குங்க. நகல் லேஅவுட்டுக்கு அனுமதி தரும் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) மாவட்ட அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் போகட்டும்.

உழவை மட்டும் நிறுத்திவிடாதீங்க. கூட்டு அனுபவத்தில் இருந்தால் பாக வழக்குக்கு நிலையான சிறு கட்டணம். வேலி போட விட்டு வெளியே நின்றால், பங்கின் சந்தை மதிப்புக்குக் கோர்ட் கட்டணம் கேட்பார்கள். என்ன பயிரோ அதை வி.ஏ.ஓ.விடம் அடங்கலில் (பயிர்க் கணக்கு) ஏற்றிவிடுங்க.

பதில் 3:
கிணற்றை யாருமே பேசவில்லையே. தண்ணீர் போனால் மிச்சத் தோட்டமும் தானாக மனையாகும். வழக்குரையில் கிணறு, மோட்டார் கரண்ட் சர்வீஸ், பூமிக்குள் போகும் பைப், வண்டித்தடம் நாலையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்க. "நிலம்" என்று மட்டும் எழுதினால் தடையும் நிலத்தோடு நிற்கும். புலப்படத்தில் (சர்வே வரைபடம்) பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) வாய்க்கால் இருந்தால் நீர்வளத் துறைக்கும் மனு போடுங்க. ஜே.சி.பி. ஒரு மதியத்தில் வரப்பையும் வாய்க்காலையும் சமமாக்கிவிடும், கமிஷனர் வந்தால் செம்மண்தான் இருக்கும். தேதி தெரிய இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்க.